அப்பாவை ஊதச் சொன்ன கல்யாணப் பத்திரிகை

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் குடிப்பவர்கள் கிடையாது. அப்படிப்பட்ட குடும்பத்தின் தலைவரைச் சம்பந்தி வீட்டு முன்கட்டுப் பட்டாசாலையில் நிற்கவைத்து, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்த்தார்கள். அந்தப் பெருமையை அவருக்குத் தேடிக் கொடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு வயது பத்தொன்பது. கை நிறையக் கலை, தலை நிறையக் காலி இடம்.

அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் பஜாருக்கு மேலே எங்கள் வீடு. அப்பா தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு இருந்த காலம் அது. சாயங்காலமானால் பஜார் முக்கில் நின்று குடியின் கேடுகளைப் பற்றிப் பேசுவது அப்பாவுக்கு ஒரு சோலி. (சம்பளம் இல்லாத சோலி. கூட்டமும் இல்லாத சோலி.) பேச்சு சூடு பிடித்தால் தோள் துண்டை உருவி வீசுவார். துண்டு எத்தனை தரம் வீசப்பட்டது என்பதை வைத்தே அன்றைய பேச்சு எப்படி என்று அம்மா சொல்லிவிடுவாள்.

அக்காவுக்கு அய்யம்பாளையத்தில் மாப்பிள்ளை அமைந்ததும் அந்தப் பேச்சால்தான். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. எல்லாம் பெரியப்பா ரெங்கசாமிதான். பெண் பார்க்க வந்தவர் நகையைக் கேட்கவில்லை, நட்டைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க வீட்டுல யாருக்காச்சும் குடிப்பழக்கம் உண்டுங்களா?"

காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் முத்துலட்சுமி, கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். மருமகன் சாராயம் கிடைக்காத நாளில் மரத்துக்குப் போடும் பாலீஷைக் குடிக்கிறவனாம். "இன்னொரு தரம் அந்த வாசம் எங்க வாசப்படி ஏறக்கூடாதுங்க" என்றார். அப்பா நெஞ்சில் கைவைத்து, "எங்க வீட்டுப் பக்கம் வாசம்கூட வராதுங்க" என்றார். அந்த வார்த்தையில்தான் கல்யாணம் நிச்சயமானது.

இனி என் பங்கு.

சீசனுக்கு வந்த ஒரு அமெரிக்க மிஷன் அம்மா, காகிதத்தில் வாழ்த்து அட்டை செய்யும் வகுப்பு நடத்தினார். நான் அங்கே அட்டை வெட்டிக் கொடுக்கப் போவேன். அவர் ஊர் திரும்பும்போது, எனக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே ஆறு குட்டைக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின் வாயிலும் கம்பளியை அழுத்திச் செய்த நுனி. உள்ளே ஸ்பிரிட்டில் கரைத்த சாயம். இப்போது என் பேத்தி டஜன் கணக்கில் வைத்திருக்கிறாளே ஆல்கஹால் மார்க்கர், அதற்கு இது கொள்ளுப்பாட்டன் முறை ஆகவேண்டும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சடித்த பத்திரிகையை ஊர்க்காரர்களுக்கு வையுங்கள், மாப்பிள்ளை வீட்டு நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு நானே கையால் செய்து தருகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். மடிப்பைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு காகிதத் தாமரை எழுந்து நிற்கும். இதழ் நுனியில் வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பு, அடியில் அடர்சிவப்பு. ஒன்றோடொன்று கலந்து, எங்கே ஒரு நிறம் முடிந்தது, எங்கே அடுத்தது தொடங்கியது என்று தெரியாமல் இருக்கும். நாற்பது பத்திரிகை, மூன்று வாரம். ஒரு இதழ்கூட அதுவரை வரைந்து பார்த்ததில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் பூவை என் நோட்டுப் புத்தகத்தில் வரைந்தேன். புரட்டிப் பார்த்தால் இரண்டாம் பக்கத்திலும் அதே பூ. ஒன்பதாம் பக்கம் வரை அதே பூ, ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இளைத்துக்கொண்டே போனது. பிறகு கெட்டி அட்டைக்கு மாறினேன்; அதிலும் பின்பக்கம் சாயம் ஊறியதால் அடியில் பழைய பேப்பரை விரித்துக்கொண்டேன். முதலில் அடர்சிவப்பைப் போட்டு அதன்மேல் இளஞ்சிவப்பைத் தேய்த்தேன். கோடு கோடாக, பாய் பின்னிய மாதிரி வந்தது. இளநிறம் முதலில், அடர்நிறம் பிறகு, அது காய்வதற்குள் மறுபடி இளநிறத்தால் ஓரத்தைத் தடவ வேண்டும் என்பது புரியவே ஐந்து நாள் ஆனது. புரிந்த அன்றைக்குச் சாயம் கெட்டிப்பட்டுவிட்டது.

அதை இளக்க ஸ்பிரிட் வேண்டும். மருந்துக்கடைக் கம்பவுண்டர் ஜோசப்பிடம் போய் நின்றேன்.

"எதுக்கு பாப்பா?"

"பூ வரையறதுக்குங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கப்பா யாருன்னு தெரிஞ்சதால தர்றேன். வெளிய யாராச்சும் கேட்டா இந்தக் காரணத்த மட்டும் சொல்லிறாத. ஒருத்தனும் நம்பமாட்டான்" என்றபடி, அவுன்ஸ் அளவுக்குக் காகிதம் ஒட்டிய தட்டையான மிக்சர் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். வீட்டில் அப்பா, "என்னம்மா அது?" என்றார். "சாயத்துக்கு மருந்துப்பா" என்றேன். பொய் இல்லை. உண்மையைக் கொஞ்சம் இளக்கிச் சொன்னேன், அவ்வளவுதான்.

அதன்பின் நிறம் கலந்ததோ இல்லையோ, நாங்கள் கலங்கிப்போனோம். வெளியே பனிமூட்டம், சன்னல் கதவைத் திறக்க வழியில்லை. அடைத்த அறைக்குள் நானும் கல்யாணப் பெண்ணும். அவள் இதழ் வெட்ட, நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவ, அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சிரிப்பு வரும். "தாலி ஏறப்போற பொண்ணு இப்படியா சிரிப்பா?" என்று அம்மா வந்து அதட்டுவாள். இரண்டு நிமிஷம் அங்கே நின்றால் அவளும் சிரிப்பாள். (தலைவலியும் வரும். அதற்குச் சுக்கு பற்றுப் போட்டுக்கொண்டு மறுபடி சிரிப்போம்.) மங்கலமாக இருக்கட்டும் என்று அம்மா முந்திக்கொண்டு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிவைத்த பத்திரிகைகளில் மட்டும், ஸ்பிரிட் பட்டதும் மஞ்சள் கரைந்து ஓடி, தாமரை செவ்வந்தியாகிவிட்டது. அவற்றைச் செவ்வந்தி என்றே வைத்துக்கொண்டோம்.

மூன்று வாரத்தில் நாற்பதும் முடிந்தன. என் மூக்குக்கு அந்த வாசம் ஒரு வாசமாகவே படவில்லை. அப்பாவுக்கோ கொடைக்கானல் குளிரில் விடாத ஜலதோஷம், வேளைக்கு வேளை சுக்குக் கசாயம். மூக்கு அடைத்தால் அவருக்கு மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டில் மூக்குள்ள ஒரே ஆள் பக்கத்து வீட்டுப் பூனை. அது வருவதை நிறுத்திப் பத்து நாளாகியிருந்தது.

பெரியப்பாவுக்கு முதல் பத்திரிகை வைக்க, அப்பாவும் நானும் வெள்ளனே முதல் பஸ்ஸில் கிளம்பினோம். வழியில் ஏதாவது இதழ் மங்கினால் தடவிக்கொள்ளலாம் என்று மார்க்கர் பெட்டியையும், மீதியிருந்த ஸ்பிரிட் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டேன். பாட்டில் உடையாமலிருக்க, அப்பா சம்பந்தி வீட்டில் தோளில் போடுவதற்கென்று வெளுத்து மடித்து வைத்திருந்த நேரியல் துண்டை எடுத்து அதைச் சுற்றினேன். புத்திசாலித்தனம் என்றால் அப்படி ஒரு புத்திசாலித்தனம்.

மலைப்பாதையில் எத்தனை வளைவு. எந்த வளைவில் தக்கை கழன்றது என்று எனக்குத் தெரியாது. பெரிய சரிவு தாண்டியதும் பக்கத்திலிருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போனார். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு அவரும் போனார். கண்டக்டர் வந்து அப்பாவிடம், "பெரியவரே, எந்திரிக்காம உக்காந்தே வாங்க. ஊர் வந்தா நானே எறக்கிவிடுறேன்" என்றார். "வாத்தியாருக்குன்னு ஒரு மரியாதை இருக்கு பாத்தியா" என்றார் அப்பா.

அய்யம்பாளையத்தில் இறங்கி, பெரியப்பா வீட்டுத் தெருமுனையில் அப்பா நேரியலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். லேசாக ஈரம். பனி ஈரம் என்று நினைத்தேன் (நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது). அப்பா அதைத் தோளில் அழகாகப் போட்டுக்கொண்டார்.

பெரியப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க சம்பந்தி, வாங்க" என்று கையைப் பிடித்தவர், பிடித்த கையை மெதுவாக விட்டார். பட்டாசாலையில் உட்காரவைத்தார். முத்துலட்சுமி மதினி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டுத் தூணோரம் போய் நின்றுகொண்டாள்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, குடியப் பத்தி அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே."

அப்பா முகம் மலர்ந்தது. ஆயுசிலேயே முதல் தடவையாக ஒருவர் அவரைப் பேசச் சொல்லிக் கேட்கிறார். எழுந்து நின்றார். "குடி குடியைக் கெடுக்கும்" என்று ஆரம்பித்தார். நேரியலை உருவி ஒரு வீசு வீசினார். பெரியப்பா தலையைப் பின்னுக்கு இழுத்தார். "குடிகாரனை அவன் வாசமே காட்டிக் கொடுக்கும்" என்று இன்னொரு வீசு. ஜலதோஷத்தில் கண்கள் வேறு சிவந்திருந்தன. நாலாவது வீச்சில் பெரியப்பா எழுந்துவிட்டார்.

"போதும்ங்க. புள்ளையக் கூட்டிக்கிட்டு கெளம்புங்க. பத்திரிகையையும் எடுத்துக்கங்க."

அப்பா துண்டு பிடித்த கையோடு அப்படியே நின்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் பையைத் திறந்து பார்த்தேன். பாட்டில் காலி. வாயைத் திறந்தால் அப்பா என்னைக் கொன்றுவிடுவார். திறக்காவிட்டால் அக்கா கல்யாணம் போச்சு. வீட்டில் அவள் தனக்கென்று ஒரு தாமரைப் பத்திரிகையை எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது நினைவுக்கு வந்து எனக்கு அழுகை பொத்துக்கொண்டது.

"அது நேரியல் வாசங்க. ஸ்பிரிட்டு ஊத்திருச்சு. நாந்தாங்க வச்சிருந்தேன், பூ வரையறதுக்கு."

கம்பவுண்டர் சொன்னது சரி. ஒருத்தரும் நம்பவில்லை. "பூ வரையறதுக்கு ஸ்பிரிட்டா? எம்மருமகன்கூட இதவிட நல்லாப் பொய் சொல்லுவான்" என்றார் பெரியப்பா.

அப்போது தூணோரத்திலிருந்து மதினி வந்தாள். நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, ஊதுங்க."

"என்னம்மா?"

"வாயை ஊதுங்க மாமா. எனக்குத் தெரியாத வாசம் இல்ல. ரெண்டு வருசம் அதோட குடித்தனம் பண்ணியிருக்கேன்."

அப்பாவின் மூக்கு துடித்தது. எத்தனை பேரைப் பஜாரில் நிறுத்திப் புத்தி சொன்னவர். "நானா? ஊதறதா?" என்றார். "அப்பா, ஊதுங்கப்பா. அக்காவுக்காக" என்றேன். நேரியலைத் தூரப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். மதினி குனிந்து மோந்தாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"சுக்குக் கசாயம்" என்றாள் தன் அப்பாவிடம். "வேற ஒண்ணும் இல்லப்பா."

பெரியப்பா அரை மனசாக இறங்கினார். "அப்ப அந்தப் பூவ இங்கயே வரைஞ்சு காமி" என்றார். ஏமாற்றிவிடுவேன் என்று பயம்; பையில் மீதியிருந்த வெற்று அட்டையைக் கீழே வைக்கவிடாமல் தன் மடியிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டார். மார்க்கர் பெட்டியைத் திறந்து வரைந்தேன். இளஞ்சிவப்பு, அதன் அடியில் அடர்சிவப்பு, காய்வதற்குள் மறுபடி இளஞ்சிவப்பு. மூன்று வாரம் வராதது அன்றைக்கு வந்தது. ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. அப்பாவே எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பெரியப்பா அட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் மடியைப் பார்த்தோம். அட்டையில் இருந்த அதே தாமரை வெள்ளை வேட்டியிலும் இருந்தது. அவர் பதறி எழுந்து, திரும்பி நின்று வேட்டியை விலக்கிப் பார்த்துவிட்டு, "தொடையிலயும் கெடக்குடி" என்று மகளிடம் முனகினார்.

முத்துலட்சுமி மதினி சிரித்தாள். முதலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்த முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து சிரித்ததில்லை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பெரியப்பா கறைபட்ட வேட்டியோடு அவளையே பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பத்திரிகைய வச்சுட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க சம்பந்தி" என்றார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. அப்பா என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. பிறகு பேசினார், ஆனால் பஜார் முக்கில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கதை பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டது. துண்டை உருவினாலே கூட்டத்தில் யாராவது, "ஐயா, மொதல்ல ஊதிட்டுப் பேசுங்க" என்பார்கள். ஒரு நன்மை, அதைக் கேட்கவாவது கூட்டம் வந்தது.

அன்றையிலிருந்து இரண்டு குடும்பத்திலும் ஒரு சடங்கு. எங்கள் வீட்டிலிருந்து எந்தக் கல்யாணப் பத்திரிகை போனாலும், அய்யம்பாளையத்தில் பிரிப்பதற்கு முன்னால் மோந்து பார்ப்பார்கள். போன தையில் என் பேரன் கல்யாணத்துக்கு வைக்கப் போனேன். மதினிக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. தாம்பாளத்தோடு பத்திரிகையை வாங்கி மோந்து பார்த்தாள். ஓரமாக வைத்தாள்.

"பத்திரிகை சரி. கொண்டாந்த ஆள் எப்படி? எங்க, ஊது."

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. சம்பந்தி வீட்டு ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நான் ஊதினேன்.