நாங்கள் குடித்த பச்சைத் தண்ணீர்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு தாங்களும், தங்கள் இல்லத்தாரும், தங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

நாங்கள் இந்தக் கிராமத்து வீட்டை வாங்குவதற்கு முன்பு தாங்கள் தொலைபேசியில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாப்பிள்ளை, வீட்டைப் பாக்காதீங்க. கிணறு எங்க இருக்கு, செப்டிக் டேங்க் எங்க இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம், அதைப் பாருங்க" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. காரணம், வீட்டை விற்றவர் எங்கள் கண்ணெதிரே கிணற்றிலிருந்து ஒரு சொம்பு இறைத்து, மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு "இதுக்கு மேல என்ன சார் சாட்சி வேணும்?" என்று கேட்டார். கேட்டவருக்கு நாக்கில் ருசியே தெரியாது என்பதைக் குடிவந்த பிறகுதான் ஊரில் சொன்னார்கள். ஆனால் பத்திரத்தை நான் சும்மா விடவில்லை மச்சான். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் அல்லவா? ஒற்று மிகுந்த இடம், மிகாத இடம் எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தேன். பத்திர எழுத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். கழிவுத் தொட்டி எங்கே என்று அதில் ஒரு வரிகூட இல்லாததை மட்டும் நான் கவனிக்கவில்லை. அச்சில் இருப்பதைத் திருத்தத்தான் எங்களுக்குப் பழக்கம்.

குடிவந்த சில நாளில் கழிப்பறை பேச ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் களக் களக் என்று எங்கோ ஆழத்திலிருந்து பதில் சொல்லும். கழிவு உறிஞ்சும் லாரிக்காரரை அழைத்தோம். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் "மூடி எங்க சார்?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "வீடு உங்களோடதுதானே?" என்றார் அடுத்து. அந்தக் கேள்வியில் எனக்கு வந்த கோபத்தில் நானே மண்வெட்டி எடுத்துத் தோண்டினேன். கொல்லை முழுக்கக் குழி. உங்கள் தங்கை துணி காயப்போடப் போகும்போது புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டித் தாண்டிப் போகிறாள். தொட்டி கிடைத்தபாடில்லை. தொட்டி இருக்கும் இடமே தெரியாதபோது கிணற்றை எப்படி நம்புவது? எனவே குளிக்க, துவைக்க மட்டும் எங்கள் கிணறு. குடிக்கப் பக்கத்து வீட்டுத் தையல்காரரின் கிணறு என்று முடிவாயிற்று. தங்கமான மனிதர். தினமும் ஒரு குடம் அவரே கொண்டுவந்து வைப்பார்.

பிறகு வந்த பிளம்பர் இரண்டு யோசனை சொன்னார். ஒன்று, எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவது. இரண்டு, கழிப்பறையில் ஒரு சாயப் பொடியைக் கொட்டுவது. "பச்சை எங்க வெளிய வருதோ, அங்கதான் சார் உங்க விஷயம் போகுது" என்றார். பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும் பொறுப்பை உங்கள் தங்கையிடம் கொடுத்தேன். பொடியை நானே கொட்டினேன். மறுநாள் எங்கள் கிணற்றை எட்டிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர். நிம்மதியாகத் திரும்புகிறேன், வேலி ஓரம் தையல்காரர் வாளியோடு நிற்கிறார். வாளியில் தண்ணீர் பச்சை. "பச்சைத் தண்ணின்னு சொல்வாங்க, அதுக்காக இவ்வளவு பச்சையாவா சார்?" என்றார் அப்பாவியாக.

மச்சான், கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் கழிப்பறை அவர் கிணற்றுக்குள் போயிருக்கிறது. அதையேதான் அவர் குடத்தில் நிரப்பி, மூடி போட்டு, எங்களுக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நாங்களும் "என்ன இனிப்பு, என்ன இனிப்பு" என்று குடித்திருக்கிறோம். மறைத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஆனால் அவர் மனைவி அந்தத் தண்ணீரில்தான் உலை வைப்பார். சொல்லிவிட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "என்னை விடுங்க சார். நீங்களும்தானே குடிச்சீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அன்று மாலையே சோதனை முடிவு வந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க முற்றிலும் தகுந்தது, முத்திரையோடு! அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அன்றுமுதல் இரு வீட்டுக்கும் எங்கள் கிணறுதான். இப்போது நான்தான் காலையில் குடம் சுமந்து தையல்காரர் வீட்டில் வைக்கிறேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம் செய்கிறோம் என்று மனசு லேசாக இருக்கிறது. ஆகவே தங்கள் எச்சரிக்கை பாதி தேவையற்றது என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு வந்து தங்கி, ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பேசவும்.

தங்கள் முழங்கால் வலி தங்களை விட்டு விலகி, படியேறிப் பழகிய யாரிடமாவது போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் தையல்காரரின் மனைவி அழுதுகொண்டே வந்தார். சன்னலுக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கும்போது டப்பா கைதவறிக் கிணற்றில் விழுந்ததாம். புருஷன் திட்டுவார் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அதைக் கேட்ட உங்கள் தங்கை, "அப்போ நம்ம தண்ணி சர்டிபிகேட்?" என்று இழுத்துவிட்டு, "ஏங்க, வெளியாளுங்க பாக்கப் போறாங்களேன்னு நல்ல தண்ணியா, இவங்க குடத்துலேர்ந்துதான் பாட்டில்ல ஊத்தினேன்" என்றாள். நான் போய் முகம் கழுவ, எங்கள் கிணற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திறந்தேன். பச்சை. எனவே தாங்கள் வரவேண்டாம். நாங்கள் வருகிறோம். இதைத் தபாலில் போடவில்லை, நானே கையில் கொண்டுவந்திருக்கிறேன். தாங்கள் படித்து முடிக்கும்வரை நாங்கள் நான்கு பேரும் வாசலிலேயே நிற்போம். வயிறு நால்வருக்கும் சரியில்லை. கொஞ்சம் வேகமாகப் படிக்கவும்.