அத்தையின் இருமலும் ஒரு எலியின் அபிப்பிராயமும்

மாமியார் பி சகினா மூன்றாவது தடவையாக இருமியபோது, சுபேரியின் விரல்களில் இருந்த உகாலிக் களி உருண்டை நழுவிக் கீரைக்குள் விழுந்தது.

சும்மா தொண்டையைச் செருமுகிற இருமல் இல்லை அது. லாரி ஒன்று மேட்டில் திணறி நின்று, பின்னால் உருண்டு, மறுபடி உறுமிக் கிளம்பி, கடைசியில் மனசு மாறி அணைந்துபோவது போல நாலு கட்டமாக நடந்தது. முடிந்ததும் பி சகினா கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள். கடைக்கண்ணால் மருமகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கோழிக்காலை எடுத்துக்கொண்டாள்.

"ருக்கியா, உங்கம்மாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு," என்றான் சுபேரி.

"ருக்கியா, தண்ணி வேணாம். கோழி ஈரலை மாப்ளை தட்டுல வை," என்றாள் பி சகினா.

மூவரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் லுகுரு இனத்தாரிடம் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது மரியாதை இல்லை. அதிலும் ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் வாயைத் திறந்தால் அது பெரிய குற்றம். மாமியாருக்குக் கண்ணில் தூசி விழுந்தால் மருமகன் மரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். ருக்கியா பத்து வருஷமாக இந்த இரண்டு பேருக்கும் நடுவில் டெலிபோன் கம்பியாக இருந்து சலித்துப்போனவள். அவள் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஈரலை மட்டும் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.

பி சகினா மலையிலிருந்து ஒரு வாரம் தங்கிப் போகிறேன் என்று வாழைக்குலையோடு வந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தபோது கல்லுக் குண்டு மாதிரி இருந்தாள். ஒரு நாள் காலையில் சந்தைக்குப் போனவள், மத்தியானம் இரண்டே இரண்டு தக்காளியோடு திரும்பி வந்தாள். அன்று சாயங்காலம் தொடங்கியது இருமல். அதிலிருந்து சுபேரி வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினால் போதும், உள்ளே லாரி மேடேறும்.

இதில் சுபேரிக்குக் கவலைப்படத் தனிக் காரணம் இருந்தது. மொரொகோரோ நகரத்தில் அவன் பார்த்த உத்தியோகத்தைச் சொன்னால் எவனும் பெண் கொடுக்க மாட்டான். நல்லவேளையாகப் பெண் கொடுத்த பிறகுதான் அந்த உத்தியோகம் கிடைத்தது. அவன் எலிகளுக்கு வாத்தியார். பூனை அளவு பெரிய எலிகள். கிளினிக்குகளிலிருந்து வரும் சளி மாதிரிகளைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று, வரிசையாக வைப்பார்கள். எலி ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போகும். காசநோய் வாசம் இருந்தால் நின்று சுரண்டும். சுரண்டினால் மசித்த வாழைப்பழம். ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் தப்பிப்போன எத்தனையோ நோயை அந்த மூக்குகள் பிடித்திருக்கின்றன. அதனால் யார் எங்கே இருமினாலும் சுபேரியின் காது நிமிர்ந்துகொள்ளும்.

அடுப்படியில் ருக்கியாவைப் பிடித்தான்.

"அது காசநோய் இருமல்."

"நீ என்ன டாக்டரா?"

"டாக்டருக்குச் சொல்ற எலிக்குச் சொல்லிக் குடுக்கறவன்."

"நீயும்தான் இருமறே. எத்தனை மாசமா."

"அது மரத்தூள். கூண்டுக்கு அடியில போடறோம்ல. தொழில் இருமல்."

"மரத்தூள் ஆளை இளைக்க வைக்குமா? பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கே."

"உங்கம்மாவை நினைச்சுக் கவலை. கவலைதான் இளைக்க வைக்குது. இதோ பாரு, பொம்பளையோட உசிரு விஷயம். பேசாம கிளினிக்குக் கூட்டிட்டுப் போ."

"கேட்டுட்டேன். தனியாப் போனா தெருவே மூக்கைப் பொத்திக்கும், வீட்டோட எல்லாரும் வந்தா வரேங்குது. மாப்ளையும் வரணுமாம்."

சுபேரிக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் இருமலாக மாறியது. "எலி நிலையத்துக்காரன் போய் கிளினிக் வரிசையில நின்னா, எலியோட மானம் என்ன ஆறது?"

மறுநாள் காலை அவன் ஒரு திருட்டு வேலை செய்தான். கொடியில் கிடந்த மாமியாரின் கைக்குட்டையை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனான். நிலையத்திலேயே கெட்டிக்கார எலி மல்கியா. நாற்பது வயசு டாக்டர்கள் தடுமாறும் இடத்தில் அது தடுமாறாது. கூண்டைத் திறந்ததும் வழக்கம்போல அவன் தோளில் ஏறி, வழக்கம்போல அவன் நெஞ்சுப்பக்கம் இறங்கி, சட்டைப்பையைப் பரபரவென்று சுரண்டியது.

"பாத்தியா?" என்றான் சுபேரி, பக்கத்து மேஜையில் வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்த அஷூராவிடம். "உள்ளே எங்க அத்தையோட கைக்குட்டை. எடுக்கக்கூட இல்ல, பிடிச்சிடுச்சு."

"அது உன்னைத் தினமும்தான் சுரண்டுது."

"அது பிரியம். இது நோய். வித்தியாசம் தெரியல உனக்கு?"

இருந்தாலும் ஆராய்ச்சி என்றால் ஆராய்ச்சி. கைக்குட்டையை வெளியே எடுத்து மேஜையில் விரித்தான். மல்கியா அதை முகர்ந்தது. அதன்மேல் நடந்து போனது. போகிற வழியில் ஒரு புழுக்கை போட்டது. பிறகு திரும்பி வந்து, காலியான சட்டைப்பையையே மறுபடி சுரண்டியது.

"வாசம் பையில ஊறிடுச்சு," என்றான் சுபேரி. "அவ்வளவு முத்தின நோய்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ஈரல் வைக்கச் சொன்ன வாய். பகையாளி மாமியாராக இருந்தால்கூடப் பரவாயில்லை, இவள் நல்லவள். எப்படியாவது அவளைக் கிளினிக் படி ஏற்றியாக வேண்டும், தன் வாயால் சொல்லாமல்.

முதலில் கிளினிக்கில் கொசுவலை இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று ருக்கியா மூலமாக ஒரு பொய்யை அனுப்பினான். பதில் உடனே வந்தது. "தலைக்கு ஒண்ணுன்னா எல்லாருமாப் போய் வாங்குவோம். மாப்ளையும் வரட்டும்." அத்தோடு பொய் விஷயம் தெருவுக்குப் பரவி, முப்பது பெண்கள் கிளினிக் வாசலில் போய் நின்று, வலை எங்கே என்று நர்ஸ் ஒலிவாவிடம் சண்டை போட்டார்கள்.

கடைசியாக அவன் பஸ் நிலையத்தில் உருளைக்கிழங்கு வறுத்து விற்கும் மயுங்காவிடம் போனான். மயுங்கா நியாம்வேசி இனத்தவன். நியாம்வேசிக்கும் லுகுருவுக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி உறவு. இவர்கள் வீட்டில் அவர்கள் நுழைந்து வாய்க்கு வந்ததைப் பேசலாம், சாவு வீட்டில்கூட. யாருக்கும் கோபித்துக்கொள்ளும் உரிமை மட்டும் கிடையாது. மருமகன் சொல்லக் கூடாததை மயுங்கா சொல்லலாம்.

"உங்க அத்தையைப் பயமுறுத்தணும், அவ்வளவுதானே," என்றான் மயுங்கா, எண்ணெயில் கரண்டியை ஆட்டிக்கொண்டே. "நாளைக்குக் காலையில அவளோட குழியை நானே அளந்து காட்டறேன். மத்தியானம் கிளினிக்ல இருப்பா."

மறுநாள் சுபேரி வேலைக்குப் போனான். ருக்கியா குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள். மயுங்கா மண்வெட்டியும் கயிறுமாக வந்து, மாமரத்தடியில் நின்று, தெருக்கோடி வரை கேட்கும்படி ஒப்பாரி வைத்தான்.

"லுகுரு வீட்டுல சாவு வந்துடுச்சே, குழிக்கு நீளம் பத்தலையே, வாய்க்குத் தனியா ஒரு குழி வெட்டணுமே."

பி சகினா வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏண்டா, கிழங்கு வறுக்கறவனே. நியாம்வேசிக்காரன் வெட்டின குழியில தவளைகூடக் குடி வராது. இன்னும் ஆழமா வெட்டு. அந்தப் பக்கம் ரெண்டு வெட்டு. வாழைக்கன்னு வைக்கணும்."

"கிழவி, இது உன் குழி."

"சரி, என் குழியில வாழை வச்சா உனக்கென்ன? பேசிட்டே வெட்டு."

மயுங்கா வெட்டினான். அழுதுகொண்டே வெட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஆகையால் அழுகையையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். மண்வெட்டி, கயிறு, குழி, நியாம்வேசிக்காரன் ஒப்பாரி. கேட்க வேறென்ன இருக்கிறது? சற்று நேரத்தில் பாய்கள் வந்தன. சர்க்கரை வந்தது, கரி மூட்டை வந்தது, பள்ளிவாசலிலிருந்து பெரிய அண்டா வந்தது. ஆண்கள் மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் உள்ளே பாயில்.

"யாரு போனது?" என்று ஒருத்தி மெதுவாக விசாரித்தாள்.

பி சகினாதான் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆகவே அவள் இல்லை. அவள் போர்த்தியிருந்த கங்காத் துணி ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னத்தைச் சொல்றது. மாப்ளை மெலிஞ்சுக்கிட்டே வந்தார். அதுக்கு மேல மாமியார் வாயால சொல்லக் கூடாது," என்றாள்.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சாயங்காலம் சுபேரி திரும்பி வந்தபோது வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அத்தை போய்விட்டாள். ஒரு நாள் தாமதித்துவிட்டேன். பையை நழுவவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினான். அவனைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அண்டாவின் மேலேயே சாய்ந்து மயங்கினாள். பெஞ்சில் இருந்த முதியவர் ஒருவர் அவனை மேலும் கீழும் பார்த்து, "பாவம், செத்தும் மெலிஞ்சுதான் இருக்கான்," என்றார்.

சுபேரிக்குப் பேச்சு வருவதற்குள் இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. கூட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டது. உள்ளேயிருந்து பி சகினா தன் பங்குக்கு ஒரு சின்ன இருமல் போட்டாள், துணைக்கு.

அந்த இருமலைக் கேட்டதும் சுபேரி திரும்பினான். அத்தை கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள், உயிரோடு. சந்தோஷத்தில் அவனுக்கு மரியாதை, மரபு எல்லாம் மறந்துபோயிற்று.

"நான் சாகல," என்று கத்தினான். "சாகப்போறது எங்க அத்தை. அத்தைக்குக் காசநோய். எங்க எலி சொல்லிடுச்சு."

தெருவில் ஆடு கத்துவதுகூட நின்றது. மருமகன், மாமியார் உடம்பைப் பற்றி, அவள் எதிரிலேயே நின்று, ஊர் முன்னால், ஒரு எலியைச் சாட்சிக்கு வைத்து.

பெரிய குற்றம். தண்டம் விதிக்க ஆள் வேண்டும். சொந்தக்காரர்கள் யாரும் தீர்ப்புச் சொன்னால் சண்டை வரும். அதனால் மண் படிந்த கையோடு மயுங்கா எழுந்தான். "இது என் வேலை. கிழவி, என்ன வேணும் கேளு. ஆடா? ரெண்டு ஆடா?"

பி சகினா கெட்டிலைக் கீழே வைத்தாள். நேராக மருமகனைப் பார்க்காமல் மாமரத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆடெல்லாம் வேணாம். வீட்டோட எல்லாரும் கிளினிக் போகணும். மாப்ளையும் எச்சில் துப்பிக் குடுக்கணும்."

"எலியோட மானம்," என்று முனகினான் சுபேரி.

"மானத்தையும் துப்பிடு," என்றான் மயுங்கா. "தீர்ப்பு தீர்ப்புதான்."

மறுநாள் காலை அவர்கள் போனார்கள். ருக்கியா, குழந்தைகள், அத்தை, காபி குடித்த குற்றத்துக்காக மயுங்கா. எல்லோருக்கும் கடைசியில் சுபேரி, தொப்பியைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு. அடுத்த நாள் முடிவு சொல்லக் கூப்பிட்டபோது நர்ஸ் ஒலிவா அவனை மட்டும் உள்ளே உட்காரவைத்தாள். கொசுவலைச் சண்டையை அவள் இன்னும் மறக்கவில்லை போலிருந்தது.

"உங்க அத்தைக்கு ஒண்ணும் இல்ல. மனைவிக்கு இல்ல. அந்தக் கிழங்குக்காரருக்கு இல்ல. குழந்தைங்களுக்கும் இல்ல, ஆனா முன்ஜாக்கிரதையா மாத்திரை தரேன்."

"எதுக்கு முன்ஜாக்கிரதை?"

"உங்களுக்கு இருக்கு."

சுபேரி சுவரில் ஒட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அது மரத்தூள் சிஸ்டர்."

"மரத்தூளுக்கு நாங்க மாத்திரை குடுக்கறதில்ல. ஆறு மாசம், ஒரு நாள் விடாம. சரியாயிடும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா அந்தத் தார்ப்பாயை அவுத்திருக்கவே வேண்டியிருக்காது."

அவன் கை தானாக நெஞ்சுக்குப் போய்ச் சட்டைப்பையைத் தடவியது. காலியான பை. மல்கியா எத்தனை நாளாகத் நகம் தேயாத குறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தது. அவன் அதற்கு முத்தம் கொடுத்துவிட்டு வாழைப்பழத்தைக்கூடக் கொடுக்காமல் இருந்திருக்கிறான்.

ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் பி சகினா குழந்தைகளுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்தபடி மயுங்காவைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்த வரைக்கும் ஒரு தடவைகூட இருமவில்லை. முந்தாநாள் தீர்ப்புக்குப் பிறகு அவள் இருமவே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"எனக்கு ஒண்ணு புரியல சிஸ்டர்," என்றான் சுபேரி. "அத்தைக்கு ஒண்ணும் இல்லன்னா, அந்த இருமல்?"

நர்ஸ் ஒலிவா மாத்திரைப் பட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

"போன மாசம் கையில ரெண்டு தக்காளியோட இங்க வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: 'மாமியார் இருமினா, மருமகனையும் கூப்பிட்டுச் சோதிப்பீங்களா?'"