ஓட்டிக் காட்டுகிறவன்

"யாருப்பா நொண்டறது? குதிரையா, நீயா?" என்று கேட்டார் டாக்டர் காந்திமதி.

பின்னால் நின்ற ஐந்து இளம் டாக்டர்களும் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த இசக்கி சிரிக்கவில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் சபாபதியின் லாயம். பந்தயத்தில் ஓடி முடித்த குதிரைகளை வாங்கி விற்பவர் அவர். கால்நடை டாக்டர்களுக்குக் குதிரை மூட்டுக்குள் கேமரா விட்டு அறுவை செய்யும் பயிற்சி அங்கே மூன்று நாள். நொண்டும் குதிரை ஒன்றுக்கு இலவச சிகிச்சை என்றதும் இடம் கொடுத்துவிட்டார்.

எந்தக் காலில் கோளாறு என்பதை ஓடவிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூட ஓடுவது இசக்கியின் வேலை. ஆள் வைக்கும் அடிக்குத்தான் குதிரையும் அடி வைக்கும்; ஆள் நொண்டினால் எது யாருடைய நொண்டல் என்று தெரியாது.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி அசெம்பிளி லைனில் நான்கு வருஷம் நின்று இசக்கிக்கு இடது முட்டி போயிருந்தது. நொண்ட ஆரம்பித்த மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார் கான்ட்ராக்டர். இங்கே வேலை கேட்டு வந்த அன்று பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்து காட்டினான். குதிரை வாங்க யார் வந்தாலும் சபாபதி இவனைத்தான் ஓடச் சொல்வார், பழைய ஆளான அண்ணாதுரையை அல்ல. அதில் இசக்கிக்குப் பெருமை.

இப்போது குட்டு வெளிப்பட்டுவிடும்.

முட்டியைத் துணியால் இறுக்கிக் கட்டினான். கால் மரத்து இழுத்தது. குதிரையும் இழுத்தது.

"நாலு கால்லயும் பிராப்ளம் போல, மேடம்" என்றார் ஓர் இளம் டாக்டர்.

பக்கம் மாறி ஓடினான். குதிரை அவன் பாதத்தை மிதித்தது.

"மேடம், எம் முட்டியயும் ஒரு பார்வ பாத்தீங்கன்னா..."

"நாங்க மனுஷங்களுக்குப் பாக்கக் கூடாதுப்பா."

"இன்னாடா மூஞ்சி இப்டி கீது?" என்றான் அண்ணாதுரை.

"வேல போயிரும்ணே."

மறுநாள் காலை ஸ்ரீபெரும்புதூரில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்தான். ஓடினான். நூல் பிடித்த மாதிரி நேராக. ஒரே ஓட்டத்தில் எந்தக் கால் என்று தெரிந்துவிட்டது.

"சபாஷ்! நல்லா இருக்கற குதிரையயும் ஓட்டிக் காட்டு. இவங்களுக்கு வித்தியாசம் தெரியணும்" என்றார் காந்திமதி.

உற்சாகத்தில் மீதி நான்கையும் ஓட்டிக் காட்டினான். நான்கும் நொண்டின.

டாக்டர்கள் கைதட்டினார்கள். அந்த நான்கில் ஒன்றான கறுப்புக் குதிரையை வாங்கக் குன்றத்தூரிலிருந்து வந்தவர் வேலியோரம் நின்று பார்த்தார். திரும்பிப் போய்க் காரில் ஏறினார்.

சபாபதி இசக்கியின் பையைக் கொண்டுவந்து கேட்டுக்கு வெளியே வைத்தார்.

"நேராத்தானண்ணே ஓடுனேன்?" என்றான் இசக்கி. "நான் நொண்டுததக்கூட மொதலாளி பாக்கலயே!"

அண்ணாதுரை கேட்டைச் சாத்தினான்.

"நேரா ஓடறவன் நாலு பேர் வேல கேட்டு வந்தான்டா. நீ நொண்டறன்னுதான் உன்ன வேலைக்கி வெச்சாரு."