முதல் இரண்டு எண்

பாங்கு ஆள் வருமுன் கடையிலிருந்து அச்சப்பத்தை ஒழித்துவிடுவது என்று நேசமணி தீர்மானித்தார்.

குழித்துறையில் அவருக்கு இருப்பது பம்புசெட் உதிரிபாகக் கடை. மஸ்கட்டிலிருந்து திரும்பிய கையோடு போட்டது. மனைவி பிரீனா அச்சை மாவில் முக்கிச் சுட்டு, மேசைமேல் விற்க வைத்த அச்சப்பப் பாட்டில்கள், வாஷரையும் வால்வையும் மெல்ல மெல்லச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தன. பாங்கில் கடன் கிடைக்காவிட்டால் கடை இல்லை. மறுபடி மஸ்கட்தான். அந்த வெயிலை நினைத்தாலே அவருக்குத் தொண்டை வறண்டது.

"ஏட்டி, நாளைக்கு அந்தப் பாட்டில் ஒண்ணும் வெளிய தெரியப்பிடாது. நம்ம தொழிலுக்கு சர்க்காருல அஞ்சு எண்ணுல ஒரு கோடு நம்பர் உண்டு. முதல் ரெண்டு எண் நாப்பத்தேழு. சில்லறை விற்பனை. பிறகு வாற ஒவ்வொரு எண்ணும் இன்ன சாமான்னு குறுக்கிக்கிட்டே போவும்."

"அச்சப்பம் சுடுகதுக்கு?"

"அது பத்து. உணவு தயாரிப்பு. வேற குடும்பம்."

"ரெண்டும் ஒரே கடையில நடந்தா?"

"எதுல கூடுதல் வரும்படியோ அதுதான் முதல் கோடு. போர்டுல என்ன எழுதினாலும் காரியமில்ல."

"அப்படியா?" என்றாள் பிரீனா. மறுபேச்சில்லாமல் பாட்டில்களை உள்ளே கொண்டுபோனாள். நேசமணி அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பதினொன்றுக்கு பாங்கிலிருந்து வினோஜ் வந்தார். நேசமணி ஒரு வால்வை எடுத்து விளக்க ஆரம்பித்தார். பிரீனாவோடு சர்ச்சுக்குப் போகும் ஜாஸ்மி வாசலில் தலையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் சபையின் பெண்கள் சங்கமே நின்றது.

"அண்ணே, அச்சப்பம்?"

"இன்னைக்கு இல்ல."

"என்னது இல்ல? நேத்து ஜெபக்கூட்டத்துல பிரீனாதானே சொன்னா, பதினோரு மணிக்குச் சூடா கிட்டும்னு!"

பிரீனா நிறைந்த பாத்திரத்தோடு உள்ளிருந்து வந்தாள். பாத்திரம் காலியாகும்வரை வினோஜ் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் ஒன்று இருந்தது.

"கடைசியா வால்வு எப்போ வித்தீங்க?"

நேசமணி கையிலிருந்த வால்வைப் பார்த்தார். அதற்கும் தெரியவில்லை.

"அப்ளிகேஷன்ல போட்ட கோடுதான் தப்பு. பத்தை முதல்ல போட்டு, பம்பை ரெண்டாவதா வையுங்க. மேடம் பேருல எழுதிக் குடுங்க. கடன் கிடைச்சிடும்," என்றார் வினோஜ்.

மஸ்கட் அரபிக்கடலுக்கு அந்தப் பக்கமே போய்விட்டது. நேசமணி வால்வை மேசையில் வைத்தார், உள்ளே ஒதுக்கிய பாட்டிலைத் திறந்து ஒரு அச்சப்பம் எடுத்துக் கடித்தார். நன்றாகத்தான் இருந்தது.

வினோஜ் பேனாவைத் திறந்தார். "வேலைக்கு ஆள் உண்டா?"

"ஒருத்தர் உண்டு," என்று பிரீனா நேசமணியைக் காட்டினாள். "புதுசு. மாவு கலக்க இனிதான் படிக்கணும்."