பின்லாந்து கேப்டனுக்கு நான் வாசித்த வரவேற்புப் பத்திரம்

என்னைப் பார்த்ததும் இந்துஸ்தானியில் பேச ஆரம்பிக்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. முகம் கறுப்பாக இருந்தால் இந்துஸ்தானி தெரிந்திருக்க வேண்டுமாம். யார் போட்ட சட்டம் இது? என் அப்பா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். நான் பினாங்கில் பிறந்தவன். எங்கள் வீட்டுப் பூனைகூடத் தமிழில் கூப்பிட்டால்தான் வரும்.

முப்பதுகளின் தொடக்கத்தில் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். சீமையிலிருந்து புதிதாக வந்து இறங்கிய சின்னத்துரை, முதல் நாளே என் மேஜைக்கு முன்னால் வந்து இந்துஸ்தானியில் எதையோ நீளமாகச் சொல்லிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து நின்றார். கப்பலில் வரும்போது புத்தகம் வைத்துப் படித்தாராம். நான் எழுந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்ற என் அருமையான இங்கிலீஷில் சொன்னேன்: "ஐயா, நான் தமிழன். நீங்கள் பேசியதில் ஒரு சொல்கூட எனக்குத் தெரியாது. ஒருவரிடம் பேசுவதற்கு முன்னால் அவருடைய பாஷை எது என்று கேட்பதுதான் மரியாதை."

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. சின்னத்துரை காது சிவக்க உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். (நான் சொன்ன அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்துரை வைத்துக்கொண்டார்.)

அப்போது எங்கள் பெரிய கிராணி ஓய்வு பெறப்போகிற நேரம். அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் காத்திருந்தோம். ஒன்று நான். இன்னொன்று சூசை. சூசைக்குத் தெரிந்ததெல்லாம் சிரிப்பதும், வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுப்பதும்தான். நாற்காலி எனக்கு வேண்டியது நாற்காலிக்காக இல்லை. பிலோமினாவுக்காக. கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஞானப்பிரகாசம் அவர்களின் மகள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் வாசலில் அவள் என்னிடம் பேசியது மொத்தம் ஒரே ஒரு வாக்கியம்: "மழை வரும்போல இருக்கு." அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவள் அப்பாவுக்குத்தான் போதவில்லை.

"பெரிய கிராணி ஆனதும் வாங்க தம்பி. சின்னக் கிராணிக்குக் கொடுக்க எங்க வீட்ல பொண்ணு இல்ல" என்றார். முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய துரை ஒரு செய்தி சொன்னார். ரப்பர் அடைத்து அனுப்புகிற பலகைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பின்லாந்துக் கப்பல் வரப்போகிறது. கேப்டனுக்கு நம்மைப் பிடித்துவிட்டால் அந்தக் கம்பெனியின் ஏஜென்சியே நமக்குத்தான். வர இன்னும் எட்டு மாதம் ஆகும். "கேப்டனைத் திருப்திப்படுத்துகிறவரை நான் மறக்க மாட்டேன்" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். சூசை சிரித்தான். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கேப்டனை அவர் தாய்மொழியிலேயே வரவேற்பது!

பினாங்கில் பின்னிஷ் சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவன் இருந்தான். ஹெய்க்கி என்று பெயர். கப்பல் அடித்தட்டில் விழுந்து கால் முறிந்து, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய், சூலியா ஸ்ட்ரீட் பக்கம் மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்றில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாலுமி இங்கிலீஷும் கடைத்தெருவில் புழங்கும் பசார் மலாயும் கலந்து பேசுவான். பேசுவான் என்பது கொஞ்சம் அதிகம். நான் நூறு சொல் சொன்னால் அவன் ஒன்று சொல்வான். பாடத்துக்குக் கூலியாக அவன் கேட்டது முறுக்கு.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் முறுக்குப் பொட்டலத்தோடு போய் உட்காருவேன். அந்த பாஷை எனக்கு வசப்பட்டது என்பதை அடக்கமில்லாமல் சொல்கிறேன். தலோ என்றால் வீடு. தலோஸ்ஸா என்றால் வீட்டில். தலோஸ்தா என்றால் வீட்டிலிருந்து. நம்ம ஊர் வேற்றுமை உருபு மாதிரியே சொல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது! இங்கிலீஷ்காரன் தலைகீழாக நின்றாலும் வராதது, தமிழனுக்கு முறுக்கு தின்கிற நேரத்தில் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் நான் கனவில்கூடப் பின்னிஷில்தான் சூசையைத் திட்டினேன்.

சிக்கல் வரவேற்புப் பத்திரத்தில் வந்தது. பெரிய மனிதர் வந்தால் மாலை போட்டு, சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, அவரைப் புகழ்ந்து ஒரு பத்திரம் அச்சடித்து, வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது என்ன வரவேற்பு? நான் தமிழில் ஒன்றை எழுதி எடுத்துக்கொண்டு போனேன். 'ஏழு கடலையும் அடக்கியாளும் எங்கள் கோமானே! எங்கள் தீவு செய்த தவப்பயனே! கருணைக்கடலே!' என்று தொடங்கும்.

ஹெய்க்கி கேட்டான்: "இதையெல்லாம் ஒரு மனுஷன் முன்னால் நின்று சொல்வீர்களா?"

"ஆமாம். மாலை போட்டுவிட்டுச் சொல்வோம்."

"அவன் என்ன செய்வான்?"

"கேட்டுக்கொண்டு நிற்பான்."

அவன் ஒரு முறுக்கு முழுவதையும் கடித்து முடித்துவிட்டு, "பாவம்" என்றான். "எங்கள் ஊரில் ஒருவன் வந்தால் 'வந்தாயா' என்போம். 'வந்தேன்' என்பான். அப்புறம் காப்பி குடிப்போம். ரொம்பப் பிடித்துப்போனால் 'ஹூவா' என்போம். நல்லது என்று அர்த்தம். அதற்குமேல் சொல்ல மாட்டோம்."

இப்படியும் ஒரு ஜனமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை உருட்டி மிரட்டி, கூடுதலாக ஒரு பொட்டலம் முறுக்கும் கொடுத்து, வரிக்கு வரி மொழிபெயர்க்க வைத்தேன். பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு தமிழ் அச்சகத்தில் ரோஜா நிறக் காகிதத்தில் தங்க எழுத்தில் அடித்தோம். பின்னிஷ் எழுத்தின் தலையில் வருகிற இரட்டைப் புள்ளிகளுக்கு அச்சுக்கோப்பவர் பேனாவால் ஒவ்வொன்றாக மை வைத்தார்.

கப்பல் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் ஆபீஸ் மாடியில் வரவேற்பு. பெரிய துரை, சின்னத்துரை, கடைத்தெருப் பிரமுகர்கள் எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசையில் கோட்டும் தலைப்பாகையுமாக ஞானப்பிரகாசம். நானேதான் அழைத்திருந்தேன். பெண்கள் பெஞ்சில் அம்மாவோடு பிலோமினா.

கேப்டன் ஆறடிக்கு மேல் இருந்தார். மாலை போட நான் ஸ்டூலில் ஏறினேன். அவருக்குப் பின்னால், பெட்டி மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு கப்பல் தச்சன் ஒருவன் வந்து கதவோரமாக நின்றான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

இருபது நிமிஷம். ஒரு தடங்கல் இல்லை. கேப்டன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. ஆஹா, உணர்ச்சியை அடக்கிக்கொள்கிறார் என்று நினைத்து இன்னும் குரலை உயர்த்தினேன். இடையில் அந்தத் தச்சன்தான் தொந்தரவு. வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு அடியாக என் பக்கம் வந்துகொண்டிருந்தான். மரியாதை தெரியாத ஆள்! வாசித்துக்கொண்டே, தள்ளி நில் என்று இரண்டு தடவை கையைக் காட்டினேன்.

முடிந்தது. கைதட்டல். ஞானப்பிரகாசம்கூடத் தட்டினார். கேப்டன் மாலைக்குள்ளிருந்து எழுந்து, இங்கிலீஷில், நிதானமாகச் சொன்னார்:

"மிக்க நன்றி. எத்தனையோ துறைமுகம் பார்த்திருக்கிறேன். தமிழ் பாஷையை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன். ரொம்ப அழகாக இருக்கிறது."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான். எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "தமிழா! கேப்டன், இது உங்கள் தாய்மொழி!" என்று கத்தினேன்.

அவர் முகம் அப்போதுதான் முதல்தடவையாக அசைந்தது. "என் தாய்மொழி ஸ்வீடிஷ். நாங்கள் பின்லாந்தைச் சேர்ந்த தீவுக்காரர்கள். எங்கள் தீவில் எல்லோருக்கும் ஸ்வீடிஷ்தான். பின்னிஷ் எனக்கு ஒரு சொல் தெரியாது. அதைப் படி, படி என்று ஊரில் எங்கள் உயிரை எடுப்பவர்கள் போதாதென்று இங்கேயுமா?"

சரி, அப்போதாவது வாயை மூடினேனா? "பின்லாந்துக் கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு வந்து இறங்கிவிட்டு, பின்னிஷ் தெரியாது என்றால் என்ன நியாயம்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கும் வாபஸ் வாங்க எனக்கு மனசில்லை. எட்டு மாதம்! எத்தனை பொட்டலம் முறுக்கு!

மூலையிலிருந்து சின்னத்துரை எழுந்தார். ரொம்பப் பணிவாக, ஒரு சொல் பிசகாமல் சொன்னார்:

"ஐயா, ஒருவரிடம் பேசுவதற்கு முன்னால் அவருடைய பாஷை எது என்று கேட்பதுதான் மரியாதை."

பாவி மனுஷன், அத்தனை மாதம் அதை நெஞ்சுக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறார்! எனக்குக் காது சுட்டது. அது சின்னத்துரையின் காது சிவந்ததைவிட அதிகமாகவே சிவந்திருக்கும்.

கேப்டன் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். சூசை எங்கிருந்தோ ஐஸ் போட்ட பீரோடு வந்து நின்றான். "வெயில் ஜாஸ்தி, கேப்டன்" என்றான். அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லில் கேப்டன் குளிர்ந்துபோய், ஏஜென்சி எங்களுக்கு வந்து, அடுத்த மாதம் சூசை பெரிய கிராணி ஆனான்.

எல்லோரும் பீர் பக்கம் நகர்ந்ததும், அந்தத் தச்சன் என்னிடம் வந்தான். கண்ணெல்லாம் ஈரம். அந்தக் கப்பலிலேயே பின்னிஷ்காரன் அவன் ஒருவன்தானாம். கண்ணாடி போட்ட பத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். 'ஏழு கடலையும் அடக்கியாளும் கோமானே' என்று யார் அவனைச் சொல்லியிருக்கப்போகிறார்கள்! என்னவோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"ஹூவா" என்றான். போய்விட்டான்.

இருபது நிமிஷப் பேச்சுக்கு ஒரு சொல்! நேரே ஹெய்க்கியிடம் போனேன். கப்பல் வந்த ஊரைச் சொன்னதும், "ஓ, அந்தத் தீவுக்காரர்களா? அவர்களுக்கு எங்கள் பாஷை தெரியாதே" என்றான்.

"அடப்பாவி, இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை" என்றான்.

ஆளாளுக்கு அதையே சொன்னால் மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வது? கையிலிருந்த முறுக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் ஃபெரியில் ஞானப்பிரகாசம், "அந்தச் சம்பந்தம் இத்தோட முடிஞ்சுது" என்றாராம். பிலோமினா மாடிப்படியில் ஆரம்பித்த சிரிப்பை ஃபெரி கரை சேர்கிறவரைக்கும் நிறுத்தவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாளாம்: "பெரிய கிராணிதான் வேணும்னா நீங்க சூசையைக் கட்டிக்குங்க அப்பா. எனக்கு இவர்தான். எட்டு மாசம் எனக்காக உட்கார்ந்து படிச்சிருக்கார்லா."

என்னை நினைத்தாலே சிரிப்பு வருகிறது என்பதற்காக ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். இதைப் பெருமை என்று எடுத்துக்கொள்வதா, அவமானம் என்று எடுத்துக்கொள்வதா? சந்தோஷமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு வாழ்நாள் முழுக்க அனுபவிக்கிறேன். சாம்பாரில் உப்பு ஏன் குறைந்தது என்று காரண காரியத்தோடு கால்மணி நேரம் நான் பேசினால், கடைசிவரை பொறுமையாகக் கேட்பாள். கேட்டுவிட்டு, தலையைச் சாய்த்து, "ரொம்ப அழகா இருக்கு. தமிழா?" என்பாள். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். இப்போது பேரன் பேத்திகளும்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்து வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினேன். வாசல் தாண்டுவதற்குள் அடுத்த சொல்லும் வந்துவிட்டது.