ஏழாம் கணக்கில் கீழே ஆள் இல்லை

மதிப்புக்குரிய இயற்பியல் வினாவிடைப் புத்தக ஆசிரியர் அவர்களுக்கு, சிர்சிப் பக்கத்துப் பாக்குத் தோட்டத்திலிருந்து கெரியா கௌடா வணக்கத்துடன் எழுதுவது. முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். வரிகள் ஏறி இறங்குகின்றன. நாற்பத்தாறு வருஷம் மரத்தைப் பிடித்த கை, பேனாவையும் அப்படியே பிடிக்கிறது. எழுபத்திரண்டு வயதில், போன சங்கராந்திக்குப் பிறகுதான் எழுத்துப் படித்தேன். இங்கே நான் நலம். நீங்களும் திடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இது கோபக் கடிதம்.

எங்கள் முதியோர் வகுப்பு சாயங்காலம் கல்லூரி அறையில் நடக்கிறது. மேசைக்குள் யாரோ விட்டுப்போன உங்கள் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தபோது, ஏழாம் கணக்கில் ‘பாக்குக் குலை’ என்று இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இருபது மீட்டர் கமுகின் உச்சியிலிருந்து ஒரு தொழிலாளி குலையைக் கிடைமட்டமாக நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வீசுகிறான், காற்றைப் புறக்கணித்து, அது மரத்தடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும் எனக் காண்க. அந்தத் தொழிலாளி நான்தான். அச்சில் வந்துவிட்டேன் என்று வகுப்பு முழுக்கக் காட்டினேன். ‘புறக்கணித்து’ என்ற சொல்லைப் படித்து முடிக்க அரைமணி ஆயிற்று. பொருள் தெரிந்ததும் சந்தோஷம் போய்விட்டது. கமுகின் உச்சியில் காற்றைப் புறக்கணித்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை ஐயா. அதோடு உயர மரமென்றால் குலையைக் கயிற்றில் சறுக்கிவிடுவோம். கயிறு சிக்கிக்கொண்ட நாளில்தான் வீசுவோம், அப்போதும் கீழே ஒருவன் கோணியை விரித்துப் பிடிப்பான். தரையில் விழுந்தால் காய் சிதறிவிடும். உங்கள் கணக்கில் கீழே ஆளே இல்லை.

எனக்குக் கீழே நின்றவன் பொம்மு கௌடா, என் வேலிக்கு அந்தப்பக்கத்து வீட்டுக்காரன். பதினொரு வருஷத்துக்கு முன் என் குலை விழுந்து அவன் தோளெலும்பு முறிந்தது. “கோபத்துல ஓங்கித் தள்ளிட்டான், குலை சீக்கிரமா வந்துடுச்சு, கோணியைத் தூக்க நேரமே இல்ல” என்று அவன் ஊரெல்லாம் சொன்னான், ஊரும் நம்பியது. அன்றிலிருந்து பேச்சு இல்லை. கோபம் இருந்தது உண்மை. அன்று காலை சாலைக்கான மனுவில் அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு, “கெரியா, கட்டைவிரல் இருக்கா, மரத்துலயே விட்டுட்டு வந்துட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். இருக்கட்டும். எங்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் நாகவேணி டீச்சர் பகலில் அதே அறையில் இயற்பியல் நடத்துபவர். அவரிடம் ஏழாம் கணக்கைக் கேட்டேன்.

“விழுற நேரத்துக்கு உயரம் மட்டும்தான் கணக்கு, கௌடரே. மெதுவாத் தள்ளினாலும் ஓங்கித் தள்ளினாலும் இருபது மீட்டருக்கு ரெண்டு நொடிதான்.”

மூன்று தடவை சொல்லச் சொன்னேன். பிறகு பதினொரு வருஷம் கழித்து வேலியைத் தாண்டினேன்.

“பொம்மு, இதைப் படி. எப்படித் தள்ளினாலும் ரெண்டு நொடி. உன் நேரத்துல நான் ஒண்ணும் திருடல.”

இடக்கை தோளுக்கு மேல் எழும்பாததால் வலக்கையால் மட்டும் புத்தகத்தை வாங்கினான். நிதானமாகப் படித்தான். “நல்லா இருக்கு மகராசா. கமுகு இருக்கு, குலை இருக்கு, நீ இருக்கே. நான் எங்கே?”

“ஆஸ்பத்திரிப் பாடத்துல இருப்பீங்க, அங்க தேடுங்க” என்றாள் அவன் மனைவி மாதேவி, உள்ளேயிருந்து.

என்னை இப்படித் தலைகுனிய வைத்தது உங்கள் புத்தகம். உடனே ஏழாம் கணக்கில் கீழே ஒரு ஆளைப் போடவும். எங்கே நிற்க வேண்டும் என்றும் போடவும். உங்கள் விடை ஆறு மீட்டர், அது மட்டும் சரி. எங்கள் தோட்டத்திலும் ஆறாம் மீட்டரில் ஒரு கல் உண்டு, பொம்மு எப்போதும் அங்கேதான் நிற்பான். அன்று அடிபட்டு விழுந்ததோ பலாக்கட்டை அருகே. தையல்காரரின் நாடாவால் அளந்தேன், மரத்தடியிலிருந்து எட்டு மீட்டர். இடம் மாறிப் போனது அவன். ஏன் போனான்? இதை ஏழு (ஆ) என்று சேர்க்கவும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோயின்றி இருக்கட்டும். மழைக்காலத்தில் கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உங்கள் புத்தகம் திருந்தட்டும்.

இப்படிக்கு,
கெரியா கௌடா (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பி.கு. தபாலில் போடுமுன் பிழை பார்க்க டீச்சரிடம் கொடுத்தேன். பதினேழு பிழை திருத்திவிட்டு, ஏழு (ஆ)வைக் கரும்பலகையில் எழுதினார். “எட்டு மீட்டர்ல விழணும்னா எந்த வேகத்துல தள்ளியிருக்கணும், கௌடரே? நீங்களே போடுங்க.” எட்டை இரண்டால் வகுத்தேன். நான்கு வந்தது. மறுபடி வகுத்தேன். அப்போதும் நான்கு, உங்கள் புத்தகத்து மூன்று வரவில்லை.

“கல்லுகிட்டயே நின்னிருந்தா குலை அவர் தலைக்கு மேல போயிருக்கும். அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்காது” என்றார்.

அந்த இரண்டு நொடியில் அவன் அண்ணாந்து பார்த்தபடியே பின்னால் இரண்டு மீட்டர் ஓடியிருக்கிறான். என் காய் சிதறக்கூடாது என்று.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ஏழாம் கணக்கில் ஆளைப் போட வேண்டாம், அடிபடுவான். இந்தக் கடிதத்தை முதலில் பொம்முவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். அவனுக்குப் படிக்கத் தெரியும், ஆனாலும் நானே வாசிப்பேன். அவன் சொல்வதை அடுத்த வாரம் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆகிறது. அவன் நிறையத் திட்டினால் கொஞ்சம் தாமதமாகும், பொறுக்கவும்.