மனிதருக்கு ஆகாத நொப்தா

மதிப்பிற்குரிய அகராதி ஆசிரியருக்கு,

உல்சானிலிருந்து தோ ஜோங்ரான் எழுதுகிறேன். மழை ஓய்ந்து இங்கே துணிகள் ஒழுங்காகக் காய்கின்றன. தங்கள் அலுவலகத்தாரும் நலமென்று நம்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது, இனிக் குறையைச் சொல்லலாம்.

வெளிநாட்டினருக்கான தங்கள் கையடக்கக் கொரிய அகராதியில் 'நொப்தா' என்ற சொல்லின் பிறப்புக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நம் எழுத்து உண்டான காலத்து நூல்களிலேயே அது இருந்ததாம். மகிழ்ச்சி. பொருளுக்கு மட்டும் 'உயரமான' என்று ஒரே சொல். மலை நொப்தா, மாடி நொப்தா, விலையும் பதவியும் நொப்தா. ஆனால் ஆளின் உயரத்தைப் பெரிது, சிறிது என்றுதான் சொல்வோம் என்று எழுத இடமில்லாமல் போயிற்று. அதனால் என் மகள் சேரினின் கல்யாணம் தடைபட்டு நிற்கிறது.

அவள் விரும்பும் ரவ்ஷன் சமர்கந்துக்காரன், கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளன். பெண் கேட்டு வந்தவன், பெரியவர்களிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லத் தங்கள் அகராதியைப் படித்துவிட்டு வந்தான். முதலில் என் நாத்தனாரைப் பார்த்து, "பெரியத்தை, உங்க கண்ணு நொப்தா" என்றான். உயர்ந்த கண், அதாவது அழகான கண் என்று சொல்ல நினைத்தானாம். எவனையும் பிடிக்காதவள் என்றல்லவா நமக்குப் பொருள்? ஐம்பது தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவள் அவள். "ஆமாப்பா, உன்ன மாதிரி ஒருத்தன் வருவான்னுதான் காத்துக் கெடந்தேன்" என்றாள். அதைப் பாராட்டென்று எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அத்தை, உங்க மூக்குத்தண்டும் நொப்தா" என்றான். திமிர் பிடித்தவள் என்று என் வீட்டிலேயே, நான் சமைத்த விலா எலும்புக் கறியைத் தின்றுகொண்டே! என் மாமியார் இருந்திருந்தால் ஆமோதித்திருப்பார். சேரின் மேசைக்கடியில் அவன் காலை மிதிக்கப் போய் என் காலை மிதித்தாள். அதற்குள் அவன் எழுந்து, இரண்டு கையாலும் பிடித்து என் கணவருக்கு மது ஊற்றி, "மாமா, நீங்க ரொம்ப நொப்தா!" என்றுவிட்டான்.

என் கணவர் குள்ளம். பள்ளிக்கூடத்து வரிசையில் எப்போதும் முதல் ஆள். கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்னை மலைங்கிறியா, மாடிங்கிறியா?"

"மலை, மாமா!" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். "கேலி பண்றவனுக்கெல்லாம் பொண்ணு கெடையாது" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. அன்றிலிருந்து சேரின் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரவ்ஷன் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கிறான். எதற்கென்று அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. எனவே அடுத்த பதிப்பில் திருத்துங்கள். அதற்கு முன், பிழை அகராதியுடையதே, பையனுடையது அல்ல என்று என் கணவருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

தங்கள் வீட்டில் யாவரும் நன்றாக உண்டு, நன்றாக உறங்கி வாழட்டும்.

இப்படிக்கு,
தோ ஜோங்ரான்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது கணவர் வந்து இதை வாங்கிப் படித்தார். "அப்ப அவன் கேலி பண்ணலையா?" என்றார். இல்லை என்றேன். ஜன்னலருகே போய் நின்றுகொண்டு சொன்னார்: "பொறந்ததுலேருந்து எல்லாரும் சிறிசு சிறிசுன்னாங்க. ஒருத்தன் மலைன்னான். அதையும் இவங்க திருத்தணுமா?" கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார். ஆகவே மேற்படி சொல்லில் தாங்கள் கை வைக்க வேண்டாம்.